அறுபது என்று எழுதியிருந்தது

பெயர் தெரிந்தால் விலை.
தெரியாவிட்டால் கிலோ.
உபியில், நான்காம் மாடியில்,
கோ எனக்குச் சொன்ன வேலை அவ்வளவுதான்.

ஜூரோங்கில் மூடிய ரப்பர் ஆலையிலிருந்து
வெப்பம் பதிந்த கருவிகள் வந்தன,
ஆறு மைலோ அட்டைப்பெட்டிகளில்,
உடலில்லாமல், வெறும் உறுப்புகளாக.

எழுதுகோலை இழுத்த மோட்டாரில்
இன்னும் ஊதா மை. என் விரலிலும் இப்போது.
பாதரச ரிலேயைக் காதோரம் சாய்த்தால்
கனத்த துளியொன்று உள்ளே இடம் மாறுகிறது.
வளைந்த கம்பிச்சுருளில் ஓரிடம் மட்டும்
தேய்ந்து பளபளக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன்:
நூற்று நாற்பத்தெட்டு டிகிரி.
ஆலை தன் ஆயுளெல்லாம் அங்கேயே நின்றிருக்கிறது.

இதுவரை சரி.
ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

கட்டைவிரல் பருமனில் பித்தளைக் குப்பி.
அடியில் ஏழு ஊசிக்கால்கள்.
அச்செழுத்தெல்லாம் போய் மிஞ்சியது ஓர் எண்,
அறுபது, பக்கத்தில் சின்ன அலைக்கோடு.

வால்வு, என்றார் கோ. கண்ணாடி எங்கே?
கண்டென்சர், என்றாள் நூர்ஹயாத்தி,
ஆனால் மீட்டர் சொன்னது கம்பிச்சுற்று.
காந்தத்தை அருகில் கொண்டுபோனேன்.
பித்தளை அதைச் சட்டை செய்யவில்லை.
உள்ளே ஏதோ
டிக் என்றது.

சாப்பர்!
உலையின் வெப்பத்தை
ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டில் முனகுவார்கள்;
அந்த முனகலைத் துண்டு துண்டாய் நறுக்கி
ஆம்ப்ளிஃபையர் காதில் விழும்படி செய்கிற நாக்கு.
நொடிக்கு அறுபது தடவை.

அறுபதில் மின்சாரம் ஊட்டினேன். அரைத்தூக்கத்தில் முணுமுணுத்தது.
ஐம்பத்தைந்து. கொஞ்சம் பரவாயில்லை.
ஐம்பத்திரண்டு.
ஐம்பதில், அப்பாடா, முழுக்குரல்.
மேசை வழியாக முழங்கைக்கு ஏறியது.

நம் ஊர் மின்சாரம் ஐம்பது.
இதன் சட்டையில் அறுபது.
பொய் சொல்வது சட்டையா, வயிறா?

லென்ஸில் பார்த்தால் மூடியோரத்துப் பற்றவைப்பு
இரண்டு நிறம். எனக்கு முன்பே
எவரோ திறந்து மூடியிருக்கிறார்.

நானும் திறந்தேன்.
எஃகு நாக்கு, கோரைப்புல் மெலிவு.
நுனியில் ஒரு சொட்டு ஈயம்,
குன்றிமணியில் கால்வாசிகூட இருக்காது.
கனம் கூடினால் நாக்கு நிதானிக்கும்.
அறுபதை ஐம்பதாக்க
அவருக்கு அது போதுமாயிருந்திருக்கிறது.
போதுமென்று முதலிலேயே தெரிந்திருக்காது:
பக்கத்தில், வழித்தெடுத்த தடம் மூன்று.

எந்த ஷிஃப்ட்டில்? உலை காத்திருந்ததா?
மேலதிகாரி தலைமாட்டில் நின்றாரா?
அவருக்குக் கடிகாரம் பழுதுபார்க்கத் தெரிந்திருக்குமோ?
நல்ல பார்வை இருந்திருக்கிறது. அதற்கு மேல்
ஈயம் எதையும் சொல்லாது.

ஒசாகாவில் ஒருவர் வாங்குகிறார்,
அசல் மட்டும். அங்கே அறுபதுதான்.
வழித்துவிடு, என்றார் கோ,
அசலாகிவிடும்.
நான்கு நொடி வேலை. அவர் சொல்வதும் நியாயம்தான்.
சூட்டுக்கோல் ஏற்கெனவே சூடாக இருந்தது.

எடுத்தேன்.
வைத்தேன்.
சீட்டில் எழுதினேன்:
சாப்பர். அறுபதாக வந்தது, இங்கே ஐம்பதாக்கப்பட்டது.
ஆக்கியவர் பெயர் இல்லை.

அப்படியானால் கிலோ, என்றார் கோ.
கோபமில்லை. தராசில் வைத்தார்.
முப்பத்தொரு கிராம், அந்தச் சொட்டையும் சேர்த்து.

இருபது காசு நாணயமொன்றை மேசையில் வைத்தேன்.
எடுத்துக்கொண்டார்,
கணக்கில் பித்தளை என்று எழுதினார்.